மின்னியின் மூக்குக்கு ஒரு வேலை

2021-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் நாய் மின்னி தன் வலது முன்னங்காலை நக்கத் தொடங்கினாள். ஏதோ முள் குத்தியிருக்கும் என்று விரலிடுக்குகளை விரித்துப் பார்த்தோம்; ஒன்றும் இல்லை. இரண்டே வாரத்தில் பாதத்துக்குச் சற்று மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து, தோல் சிவந்து, எந்நேரமும் ஈரமாகவே இருந்தது. அம்மா வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார். துணி கட்டினால் அதைக் கடித்து அவிழ்த்துவிட்டு மறுபடியும் நக்குவாள். விளக்கெல்லாம் அணைத்த பிறகு, கூடத்திலிருந்து அந்த ஈரச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். "மின்னி, வேண்டாம்" என்று குரல் கொடுத்தால் நிறுத்துவாள். நான் கண்ணை மூடியதும் மீண்டும் தொடங்குவாள்.

மின்னி சிப்பிப்பாறை என்ற வேட்டை நாய் இனத்தைச் சேர்ந்தவள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் காட்டில் இருக்கும் என் அத்தை வீட்டில் 2019-இல் பிறந்து, இரண்டு மாதக் குட்டியாக மதுரையில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு நாங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். இரண்டு வேளையும் கோழிக்கறி கலந்த சோறு, வாரத்தில் மூன்று முட்டை, படுக்க மெத்தை, மேலே மின்விசிறி, காலையும் மாலையும் கால் மணி நேரம் தெருவில் நடை. என் மகள் அவள் மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். இவ்வளவு அன்புக்கு நடுவில் வளரும் ஒரு நாய் தன் காலைத் தானே புண்ணாக்கிக்கொள்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள எங்களுக்கு வெகுநாள் பிடித்தது.

கால்நடை மருத்துவர் முதலில் உடலைத்தான் பார்த்தார். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துச் சொறிப்பூச்சி இருக்கிறதா என்று தேடினார். உண்ணியால் வரும் காய்ச்சலுக்காக ரத்தம் எடுத்தார். மூட்டில் வலி இருக்கலாம் என்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு செல்லப்பிராணி நடத்தையில் மாறுகிறது என்றால் முதல் படி மருத்துவமனைதான். வலியும் அரிப்பும் தைராய்டு கோளாறும் மனக் கோளாறு போலவே வெளியே தெரியக்கூடியவை. வலியில் இருக்கும் விலங்குக்கு விளையாட்டுப் பொருள் வாங்கிக் கொடுப்பது கொடுமை. மின்னிக்குப் பரிசோதனைகள் எதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. புண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, எழுந்து போகப்போன என்னை நிறுத்தி அந்த மருத்துவர் கேட்டார்: "சார், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இது என்ன வேலை செய்யுது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் ஒரு நோட்டு வாங்கி, ஒரு வாரம் மணிக்கு மணி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் எழுதியவற்றைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. காலைச் சாப்பாடு ஒரு நிமிடத்துக்குள், மாலைச் சாப்பாடும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நடை அரை மணி நேரம். அதிலும் பெரும்பகுதி "வா, வா" என்று நான் பெல்ட்டை இழுத்துக்கொண்டு போன நேரம். மகள் பள்ளி விட்டு வந்து பந்து எறிவது பத்து நிமிடம். மிச்சமுள்ள இருபத்து மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அவளுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. நன்றாக வளர்ந்த நாய் ஒரு நாளில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் தூங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைக் கழித்தாலும் ஒன்பது, பத்து மணி நேரம் விழித்திருக்கிறாளே, அப்போது என்ன செய்கிறாள் என்றால், வாசல் கதவுக்கும் பால்கனிக்கும் நடக்கிறாள், மாடிப்படியில் யார் ஏறினாலும் குரைக்கிறாள், காலை நக்குகிறாள். நோட்டில் அவ்வளவுதான் இருந்தது.

இந்த இடத்தில் நான் செய்த தவறு பலரும் செய்வது. வேட்டை நாய் இனம், ஓட்டம் போதவில்லை என்று முடிவுகட்டினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போய் முக்கால் மணி நேரம் பந்து எறிந்தேன். முதல் வாரம் களைத்துப் படுத்தாள். மூன்றாவது வாரத்தில் அதே ஓட்டம் அவளுக்குப் போதவில்லை. ஐந்தாவது வாரத்தில் அவள் உடல் ஒரு பந்தய வீரரின் உடல் போல இறுகியிருந்தது. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழித்து மூச்சிரைக்க மறுபடி பந்தைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டுக் கண் இமைக்காமல் நிற்பாள். நக்குவது குறையவில்லை. திரும்பத் திரும்ப ஒரே பொருளைத் துரத்தும் ஆட்டம் நாயின் உடலை முறுக்கேற்றுகிறதே தவிர மனதை இறக்கி வைப்பதில்லை என்பதை நான் அந்த ஐந்து வாரத்தில் கண்ணால் பார்த்தேன். ஓட்டம் தேவைதான், ஆனால் அவளுக்கு இல்லாமல் போயிருந்தது ஓட்டம் அல்ல.

என்ன இல்லாமல் போயிருந்தது என்பதை அவளுடைய தாய்தான் எனக்குக் காட்டியது.

ஆயுத பூஜை விடுமுறையில் அத்தை வீட்டுக்கு மின்னியையும் அழைத்துக்கொண்டு போயிருந்தோம். அங்கே தாய் நாய்க்குக் கிடைப்பது கம்பங்கூழும் மிச்சச் சோறும், எப்போதாவது கருவாட்டுத் தலையும்தான். மெத்தை கிடையாது; வேப்ப மரத்தடிப் புழுதியில் தானே பறித்த குழியில் படுத்துக்கொள்ளும். "அது பாட்டுக்குக் கிடக்கும், நான் ஒண்ணும் பெருசா பாக்குறதில்லப்பா" என்றார் அத்தை. ஆனால் அந்த நாய் அமைதியாக இருந்தது. ஆள் வந்தால் ஒருமுறை குரைத்துப் பார்த்துவிட்டு, வீட்டார் பேசத் தொடங்கியதும் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு முழு நாள் நோட்டும் கையுமாக அதன் பின்னாலேயே நடந்தேன். விடிந்ததும் வீட்டைச் சுற்றி வேலியோரம் முகர்ந்துகொண்டே ஒரு சுற்று. ஒவ்வொரு கல்லிலும் கள்ளிச் செடியிலும் இரவில் யார் வந்து போனார்கள் என்பதைப் படித்துக்கொண்டு போவது போல இருந்தது. பிறகு வெயில் விழும் இடத்தில் படுக்கை. வெயில் ஏறியதும் தானே எழுந்து தொழுவத்து நிழலுக்கு மாற்றம். ஆடுகள் காட்டுக்குப் போகும்போது பாதி தூரம் கூடப் போய்விட்டுத் திரும்பியது. வரப்பில் எலி வளையைப் பார்த்துக் கால் மணி நேரம் தோண்டியது. எலி கிடைக்கவில்லை, அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு நாயோடு கொஞ்ச நேரம். யாராவது தடவ வந்தால் பிடித்தால் நிற்கும். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடும். எங்கே படுப்பது, எப்போது எழுவது, யாரோடு இருப்பது, எதை முகர்வது என்று ஒரு நாளில் நூறு முடிவுகளை அது தானே எடுத்தது. மதுரையில் மின்னிக்காக அந்த நூறு முடிவுகளையும் நாங்களே எடுத்துக்கொண்டிருந்தோம்.

கிராமத்து நாயின் வாழ்க்கையை நான் அழகுபடுத்திச் சொல்லவில்லை. அந்தத் தாய்க்கு அதுவரை தடுப்பூசி போட்டிருக்கவில்லை. நாங்கள்தான் அந்த முறை கோவில்பட்டிக்கு அழைத்துப் போய்ப் போட்டோம். காதோரம் முழுக்க உண்ணி. அதன் முன்னோர்கள் செய்த முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று குற்றம். அது குற்றமாகவே இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். என் கேள்வி வேறு. அந்தப் புழுதிக் காட்டில் அந்த நாய்க்குக் கிடைத்த தேடலையும் தேர்வையும் எங்கள் தொள்ளாயிரம் சதுர அடி வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது?

விலங்குக் காட்சிசாலைகளில் இதற்கு என்ரிச்மென்ட் என்று பெயர். கூண்டுக்குள் ஒரே பாதையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும் விலங்குகளுக்கு, உணவைத் தேடி எடுக்கும்படி ஒளித்து வைப்பது, ஏற மரம் கொடுப்பது, புதிய வாசனையைக் கொண்டுவருவது என்று தொடங்கிய முயற்சி அது. 1963-இல் க்ளென் ஜென்சன் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனை என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கிண்ணத்தில் உணவு தாராளமாக இருக்கும்போதே, ஒரு நெம்புகோலை அழுத்தி உணவைப் பெறும் வழியையும் எலிகளுக்குத் திறந்து வைத்தார். சும்மா கிடைக்கும் உணவை விட்டுவிட்டு எலிகள் போய் நெம்புகோலை அழுத்தி, உழைத்துத் தின்றன. பாலூட்டிகளின் மூளையில் தேடல் என்பதே தனி இன்பமாக, தனி உந்துதலாக அமைந்திருக்கிறது என்று பின்னாளில் நரம்பியல் அறிஞர் யாக் பாங்க்செப் விளக்கினார். அந்த உந்துதலுக்கு வெளியில் வழி இல்லாதபோது அது தன் காலையே தேடிக்கொள்ளும் என்பதை நான் மின்னியிடம் பார்த்தேன்.

நாய்க்குத் தேடல் என்றால் மூக்கு. நம் மூக்கில் ஐம்பது, அறுபது லட்சம் வாசனை உணர்விகள் இருக்கின்றன என்றால், நாயின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல். இதற்கு அப்பால், மேலண்ணத்துக்கு மேலே ஒரு தனி உறுப்பும் மற்ற நாய்களின் வேதிக் குறிகளைப் படிக்க இருக்கிறது. சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம், மூக்கு அதற்குப் பெரிதில்லை என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. துரத்தும்போது அது கண்ணை நம்பலாம். ஆனால் உலகத்தைப் புரிந்துகொள்வது எந்த நாய்க்கும் மூக்கால்தான். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் ஷார்லட் துராந்தோனும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்சும் வீட்டு நாய்களில் ஒரு பிரிவுக்கு மோப்பத்தால் உணவைத் தேடும் பயிற்சியும், மற்றொரு பிரிவுக்கு எஜமானரின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியும் இரண்டு வாரம் கொடுத்தார்கள். உணவு இருக்குமா இருக்காதா என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் கிண்ணத்தை வைத்தபோது, மோப்பப் பயிற்சி பெற்ற நாய்கள் முன்பைவிட வேகமாக அதை நோக்கிப் போயின; ஒட்டி நடக்கப் பழகிய நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. மூக்குக்கு வேலை கிடைத்த நாய் நல்லதை எதிர்பார்க்கத் தொடங்குகிறது என்று நான் அதைப் புரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் முதலில் மாறியது சாப்பாட்டுத் தட்டு. அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டோம்.

கடையில் விற்கும் ரப்பர் பொம்மைகளையும் புதிர்ப் பலகைகளையும் வாங்க நான் தயங்கினேன். விலை அதிகம் என்பதோடு, அவளுக்கு எது பிடிக்கும் என்பதே எனக்கு அப்போது தெரியாது. அம்மாவின் பழைய முறத்தை எடுத்து, கிழிந்த பருத்தி வேட்டியை முழ நீளத் துண்டுகளாகக் கிழித்து அதில் சுருட்டிப் போட்டு, இடையிடையே உலர் தீனியைத் தூவினேன். இங்கேயும் ஒரு தவறு நடந்தது. முதல் நாளே எல்லாத் துணிகளையும் இறுக்கி முடிந்து வைத்துவிட்டேன். மின்னி இரண்டு முறை முகர்ந்தாள், காலால் தள்ளினாள், பிறகு கொட்டாவி விட்டு உதட்டை நக்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள். தூக்கமில்லாத நேரத்தில் வரும் கொட்டாவியும் உணவில்லாத நேரத்தில் உதடு நக்குவதும் சங்கடத்தின் அடையாளங்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்கு ஆர்வமில்லை என்று நினைத்து முறத்தை எடுத்து வைத்துவிட இருந்தேன். மருத்துவர்தான் தொலைபேசியில் சொன்னார்: "முதல் வாரம் அது தோற்கவே கூடாது சார்." மறுநாள் துணியே இல்லாமல் வெறும் முறத்தில் தீனியைத் தூவினேன். அடுத்த நாள் ஒரு துணி, லேசாக மேலே. இரண்டு வாரத்தில் முறம் நிறைய துணி இருந்தாலும் பத்து நிமிடம் மூக்கைப் புதைத்துக்கொண்டு தேடினாள். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு அவள் பெருமூச்சு விட்டுப் படுத்த விதம், முக்கால் மணி நேரப் பந்தாட்டத்துக்குப் பிறகு நான் ஒருநாளும் காணாதது.

முறத்திலிருந்து கோணிச் சாக்குக்குப் போனோம். சாக்கை மூன்றாக மடித்து ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் தீனி. பிறகு சிரட்டைகள்: ஏழெட்டுச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்து மூன்றின் அடியில் மட்டும் கறித் துண்டு வைப்போம். உடைந்த விளிம்பும் நாரும் இல்லாமல் தேய்த்து எடுத்த சிரட்டைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். முட்டை அட்டை, பழைய காகிதப் பை, செருப்புப் பெட்டி எல்லாம் எங்கள் வீட்டில் குப்பைக்குப் போகும் முன் மின்னியிடம் போய் வந்தன. அட்டையைக் கிழிப்பது நாய்க்குப் பெரிய நிறைவு தரும் வேலை. கிழிக்கிறாளா தின்கிறாளா என்பதை மட்டும் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். ஒருமுறை ஒரு துணித் துண்டை விழுங்கிவிட்டாள். மறுநாள் மருத்துவமனையில் வாந்தி எடுக்க வைத்துத்தான் அது வெளியே வந்தது. குடலில் அடைத்திருந்தால் அறுவை சிகிச்சை. அன்றிலிருந்து துணி விளையாட்டு ஆள் இருக்கும்போது மட்டும், முடிந்ததும் முறம் பரணுக்கு. மக்காச்சோளக் கட்டையும் வேகவைத்த எலும்பும் எங்கள் வீட்டில் எந்த விளையாட்டிலும் கிடையாது. ஒன்று அடைக்கும், மற்றொன்று சில்லாக உடைந்து குத்தும். வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால் சமையலறை மிச்சங்களை ஒளித்து வைக்கும்போது ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூக்கு வேலைக்குப் போடுவது அவளுடைய அன்றாட உணவின் பங்குதான். கூடுதல் தீனி இல்லை. இதைக் கவனிக்காததால் முதல் இரண்டு மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடிவிட்டாள். ஒல்லியாக இருக்கப் பிறந்த இனத்துக்கு அது அதிகம்.

நடையை மாற்றுவது எனக்கு உணவை மாற்றுவதைவிடக் கடினமாக இருந்தது, ஏனென்றால் மாற வேண்டியது நான். நான்கடி பெல்ட்டுக்குப் பதிலாகப் பதினைந்தடி பருத்திக் கயிற்றை மார்புப் பட்டையில் மாட்டினேன். காலை நடையின் வழியை அவளே தீர்மானிப்பது என்று வைத்தோம். சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் என் முடிவு. முதல் நாள் எங்கள் தெருமுனையைத் தாண்ட இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஒரு மின்கம்பத்தின் அடியில் மட்டும் நான்கு நிமிடம் நின்றாள். பின்னால் வந்த ஒருவர், "நாய் உங்கள வாக்கிங் கூட்டிட்டுப் போகுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றுதான் சொன்னேன். முன்பு ஒன்றரை கிலோமீட்டர் நடந்த நேரத்தில் இப்போது முந்நூறு மீட்டர்தான் நடக்கிறோம். ஆனால் வீடு திரும்பியதும் அவள் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கப் போகிறாள். சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கே மதுரைத் தார்ச்சாலை அவள் பாதத்தைச் சுட்டுவிடும் என்பதால், புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பார்த்து, என்னால் தாங்க முடியாவிட்டால் அவளையும் இறக்குவதில்லை. அந்த மாதங்களில் முழு வேலையும் வீட்டுக்குள்தான்.

தோண்டுவதற்கு மொட்டை மாடியில் ஒரு பழைய சிமென்ட் தொட்டியில் ஆற்று மணல் நிரப்பி வைத்தோம். குடியிருப்பில் சிலர் எதிர்த்தார்கள். மணல் பறக்கும், அசுத்தம் ஆகும் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தொட்டிக்கு மூடி போட்டு, வாரம் ஒருமுறை மணலை வெயிலில் கிளறிக் காயவைத்து, மாடியை நானே கூட்டிவிடுவது என்று ஒப்புக்கொண்ட பிறகு அனுமதித்தார்கள். கறித் துண்டை ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டு "தோண்டு" என்றால் அவள் முகத்தில் தோன்றும் கவனத்தைப் பார்க்க இப்போது அந்தக் குடியிருப்புக் குழந்தைகளே மாடிக்கு வருகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது தேர்வு. 1967-இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த ஒரு சோதனையைப் படித்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்ன செய்தாலும் தப்ப முடியாத மின் அதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு எளிதாகத் தப்பக்கூடிய இடத்தில் வைக்கப்பட்டபோதும் பெரும்பாலும் தப்ப முயலவில்லை, படுத்துக்கொண்டு முனகின. அப்படி ஒரு சோதனையை இன்று யாரும் செய்யக் கூடாது. ஆனால் அது காட்டிய ஒன்றை மறக்கவும் கூடாது: தன் செயலால் எதுவும் மாறாது என்று கற்றுக்கொண்ட விலங்கு அமைதியாகிவிடும். "எங்க நாய் ரொம்ப சாது, கட்டிப்போட்டா ஒரு மூலையில அப்படியே கிடக்கும்" என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது எனக்கு மனம் பதறுகிறது. நாள் முழுதும் குட்டைச் சங்கிலியில் கிடக்கும் அந்த நாய் சாதுவாக இருக்கிறதா, கைவிட்டுவிட்டதா?

நாங்கள் மின்னிக்குத் தந்த தேர்வுகள் சின்னச் சின்னவை. ஒரே மெத்தைக்குப் பதிலாக மூன்று இடங்கள்: கூடத்தில் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று, கட்டிலடியில் இருட்டாக ஒன்று. கட்டிலடியில் இருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. தடவுவதற்கும் ஒரு விதி: மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், அவள் நெருங்கி வந்தால் தொடரலாம், அப்படியே இருந்தாலோ தலையைத் திருப்பினாலோ போதும் என்று பொருள். இதை என் மகளுக்குச் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது. "அவளுக்கு என்னைப் பிடிக்கலையாப்பா?" என்று கேட்டாள். அன்று மாலையே கையை எடுத்துச் சோதித்தாள். முதல் முறை மின்னி எழுந்து போய்விட்டாள், மகள் அழுதாள். நான்காவது நாள், மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது மின்னி தானே வந்து அவள் தொடையில் தாடையை வைத்துப் படுத்தாள். தானாக வருவதற்கும் பிடித்து வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த வயதிலேயே என் மகள் அறிந்துகொண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தனிமை தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் வெளியே போகும் நாட்களில் தயிரும் மசித்த பூசணிக்காயும் அடைத்து உறைய வைத்த ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். நக்குவதும் மெல்லுவதும் நாயை அமைதிப்படுத்தும். ஆனால் நாம் வாசலைத் தாண்டிய நொடியிலிருந்து ஊளையிட்டு, கதவைப் பிறாண்டி, உணவைத் தொடாமலே இருக்கும் நாய்க்கு இது பயன்படாது. அது பயம், சலிப்பு அல்ல. பயத்துக்கு மருத்துவரின் துணையும் படிப்படியான பழக்கமும் வேண்டும். தீபாவளி வெடிச் சத்தத்துக்கும் அப்படித்தான். அந்த இரவுகளில் ஜன்னல்களை மூடி, மின்விசிறியை வேகமாக வைத்து, அவள் கட்டிலடிக்குப் போனால் போக விட்டு, நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். பயந்த நாயை அணைத்தால் பயம் கூடிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பயம் செல்லம் கொடுப்பதால் வளர்வதில்லை. அவள் வந்து ஒட்டிக்கொண்டால் நான் விலக்குவதில்லை.

2023-இல் மழையில் நனைந்து வந்த ஒரு பூனைக் குட்டியையும் வீட்டில் சேர்த்துக்கொண்டோம். மின்னியிடம் கற்றதை எல்லாம் அதனிடம் காட்டப்போய்த் தோற்றேன். முறத்தில் தீனி தூவினால் அது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டுப் பூனைகள் உழைத்துப் பெறும் உணவைவிடச் சும்மா கிடைக்கும் உணவையே விரும்பின என்று 2021-இல் கலிபோர்னியாவில் செய்த ஆய்வைப் படித்த பிறகுதான், எங்கள் பூனையிடம் கோளாறு இல்லை என்று சமாதானம் ஆனேன். பூனை ஒளிந்திருந்து பாயும் விலங்கு. அதற்கு வேண்டியது உயரமும் மறைவும். அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து கொடுத்தோம், பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி ஒன்றை வைத்தோம், அந்தி நேரத்தில் ஒரு குச்சியில் கோழி இறகைக் கட்டி இழுத்து விளையாடுகிறோம். கடைசிப் பாய்ச்சலில் இறகைப் பிடிக்க விட்டு, உடனே உணவு வைக்க வேண்டும். வேட்டை உணவில் முடிந்தால்தான் அது நாக்கால் தன்னைச் சுத்தம் செய்துகொண்டு தூங்கப் போகிறது. சுவரில் ஓடும் லேசர் ஒளியைக் காட்டி விளையாடுவதை நான் விட்டுவிட்டேன். எவ்வளவு பாய்ந்தாலும் கையில் எதுவும் சிக்காத வேட்டை அது. கிளி வளர்ப்பவர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்டதுண்டு. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். கூட்டமாகப் பறக்கப் பிறந்த பறவைக்கு எந்தப் பொம்மையும் அந்தக் கூண்டை ஈடுசெய்யாது என்பதைத் தவிர என்னிடம் வேறு யோசனை இல்லை.

மின்னியின் கால் ஆற ஏறத்தாழ நான்கு மாதம் ஆயிற்று. மருந்தும், நக்கவிடாமல் தடுக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பும் முதல் ஆறு வாரம் தேவைப்பட்டன. மூக்கு வேலை மட்டுமே குணப்படுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூம்பைக் கழற்றிய பிறகும் அவள் திரும்ப நக்கப் போகாததற்குக் காரணம் மருந்து அல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. மாடிப்படியில் ஆள் ஏறினால் இப்போதும் குரைக்கிறாள், அவளுடைய தாயைப் போலவே ஒருமுறை. நோட்டில் நான் இன்றும் எழுதுகிறேன். அவளுக்கு இந்த வாரம் எது சலித்துவிட்டது என்று அதில்தான் தெரிகிறது. ஒரே விளையாட்டைத் தொடர்ந்து பத்து நாள் கொடுத்தால் அதுவும் ஒரு தட்டாகிவிடுகிறது. எனவே முறம், சாக்கு, சிரட்டை, மணல் என்று மாற்றி மாற்றி எடுக்கிறோம். ஒரு நாளைக்கு எங்களுக்கு ஆகும் நேரம், நடையை விட்டுவிட்டால், இருபது நிமிடத்துக்கு மேல் இல்லை.

புண் இருந்த இடத்தில் முடி திரும்ப வளர்ந்துவிட்டது. உடலெல்லாம் செவலை நிறமாக இருக்க, அந்த நாணய அளவு வட்டம் மட்டும் வெள்ளையாக முளைத்திருக்கிறது. போன மாதம் வீட்டில் ஒரு திருமண வேலை. நான்கு நாள் யாரும் சாக்கையும் தொடவில்லை, முறத்தையும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் இரவு, பத்திரிகைகளுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது, மின்னி கூடத்து நடுவில் படுத்து அந்த வெள்ளை வட்டத்தை ஒருமுறை முகர்ந்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டுப் பரணில் ஏறி முறத்தை எடுத்தேன்.